அவரே அறுக்கட்டும்

“மெஷினை ஓட்டி ஒரு பலகையை அறுத்துக் காட்டுங்க. அப்புறம்தான் வாங்குவேன்.”

அந்தக் கடையில் அதை மட்டும் கேட்கவே கூடாது என்று, மரம் அறுக்கும் மெஷின் வாங்க வந்த அவளிடம் வீட்டில் தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார்கள்.

முதலாளி முறைத்தார். “நான் அறுத்துக் காட்டறேன். சேல்ஸ்மேன் சுவிட்சுல கை வைக்கக் கூடாது. அவருக்குத் தூசி தட்டத்தான் தெரியும்.”

“தூக்கித் துடைக்கிறது அவரு, அறுக்கிறது நீங்களா? அவரே அறுக்கட்டும்.”

“வேணாம்மா...” நரைத்த தலை சேல்ஸ்மேன் கெஞ்சினார்.

“படிச்ச திமிரு!” என்று முணுமுணுத்த முதலாளி, வியாபாரம் போய்விடுமே என்று தலையாட்டினார்.

“உங்களுக்குன்னா எதை எடுப்பீங்க?” அவள் சேல்ஸ்மேனிடம் கேட்டாள்.

அவர் யோசிக்கவே இல்லை. கடைசியில் இருந்த, சாய்கோணத்தில் அறுக்கும் ஸ்லைடிங் மைட்டர் ரம்பத்தையும் சக்கரம் வைத்த ஸ்டாண்டையும் தொட்டார். சுவிட்சைப் போட்டார்; பலகை நாற்பத்தைந்து டிகிரியில் இரண்டானது. ஒரு துண்டைத் திருப்பி மூலை சேர்த்துப் பிடித்தார். இடையில் தலைமுடிகூட நுழையாது.

முதலாளி பில் புத்தகத்தைத் திறந்தார். “பில்... யார் பேருக்கு?”

“எங்கப்பா பேருக்கு. இதோ நிக்கிறாரே, இவர்தான். பட்டறைக்கு இடம் பிடிச்சாச்சு. நாளையிலேர்ந்து இங்க வர மாட்டார்.”

“கேக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன், ராங்கிக்காரி!” என்று அதட்டிய அப்பா, அதற்குள் கடை ஏப்ரனைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.