பத்து நாற்பத்திரண்டு

"இந்தப் பொண்ணை இன்னைக்கே வேலையை விட்டுத் தூக்கணும் டாக்டர்!"

புகார்க் கடிதத்தை மேஜையில் வைத்துத் தட்டினார் ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர். வேலையிலிருந்துதான் ஓய்வு, குரலுக்கு இல்லை.

ஓரமாக நின்ற டெக்னீஷியன் தரையைப் பார்த்தாள். போன வாரமும் அவள்மேல் இதே புகார். இன்னொன்று வந்தால் வீட்டுக்குத்தான் என்று நிர்வாகம் எச்சரித்திருந்தது.

"என்ன சார் நடந்துச்சு?"

"மலச்சிக்கலுக்கு டெஸ்ட்டுன்னு ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, பின்னாடி டியூபைச் செருகினா. 'இறுக்குங்க'ன்னா, இறுக்கினேன். 'முக்குங்க'ன்னா, முக்கினேன். மானத்தை மூட்டை கட்டி வெச்சுட்டு எல்லாம் செஞ்சேன். நடுவுல டர்ர்ர்னு ஒரு சத்தம்! திரும்பிப் பார்த்தா, 'ஸாரி சார், நான்தான்'னு இளிக்கிறா!"

டாக்டர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா வீட்டுலதான் இவளால இந்தத் தொல்லைன்னா..." பக்கத்திலிருந்த மனைவியை முறைத்தார். "ஆஸ்பத்திரியிலயுமா?"

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"சத்தம் எப்போ வந்துச்சு சார்?"

"பத்து நாற்பத்திரண்டு! எதிர்லயே கடிகாரம். முப்பத்தஞ்சு வருஷம் ரயிலுக்கு நேரம் குறிச்ச கண்ணு, ஒரு நிமிஷம் பிசகாது."

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கோடு உங்க ஆசனவாயோட இறுக்கம். டியூப் இதை இடைவிடாம பதிவு பண்ணிக்கிட்டே இருக்கும். பத்து நாற்பத்திரண்டுல பாருங்க, சட்டுனு கீழே விழுந்திருக்கு."

"அப்படின்னா?"

"வண்டி உங்க ஸ்டேஷன்லேருந்துதான் கிளம்பியிருக்கு சார். அங்கே உங்களுக்கு உணர்ச்சி குறைஞ்சுபோச்சு, போறது உங்களுக்கே தெரியாது. பயப்படாதீங்க, பயிற்சியிலேயே சரி பண்ணிடலாம்."

ஸ்டேஷன் மாஸ்டரின் காது சிவந்தது. டெக்னீஷியனைப் பார்த்தார்.

"பின்னே நீ ஏம்மா பழியை ஏத்துக்கிட்டே?"

"நீங்க கூச்சப்பட்டா அப்புறம் முக்கவே மாட்டீங்க சார். டெஸ்ட் பாழாயிடும்."

அவர் கடிதத்தைக் கிழிக்கப் போனார். அப்போதுதான் ஏதோ உறைத்தது. மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அப்போ வீட்டுல... ரெண்டு வருஷமா... 'நான்தாங்க, மன்னிச்சிடுங்க'ன்னு நீ சொன்னதெல்லாம்..."

மனைவி அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"கிழிக்காதீங்க. அதுல இந்தப் பொண்ணு பேரோட என் பேரையும் சேர்த்துக்கோங்க."