சோப்புக் கை

சொத்தாசை துளியும் இல்லாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் சித்தப்பா. அவரே பலமுறை சொல்லியிருப்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிள்ளைகள் இல்லாத அவருடைய தாய்மாமா, மாடி வீட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். உயிலில் பெயர் இருப்பவரை மட்டும் இன்று போனில் கூப்பிடுவதாக வக்கீல் சொல்லியிருந்தார். காலையில் அத்தை குளிக்கப் போகும்போதுகூட போனை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்க்கா, குளியலறைக்குமா? சோப்புக் கையோட எடுத்தா வீடு வழுக்கிடப் போகுது" என்றார் சித்தப்பா.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தாள். "உனக்கு ஆசையே இல்லையாடா?"

"எனக்கா? என் போன் எங்க கிடக்குன்னே எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்டா, வக்கீல் கூப்பிட்டா இவனுக்கு எப்படித் தெரியும்? நீ அவன் நம்பருக்கு அடி, சத்தம் வர்ற இடத்துல தேடலாம்" என்றாள் என்னிடம்.

அடித்தேன். குளியலறைக்குள் மணி ஒலித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"வக்கீல் சார்தானே? கண்ணெல்லாம் சோப்பு, பேர் தெரியலை. சொல்லுங்க சார், பக்கத்துல யாருமில்ல."