இடது பக்கம் இறங்கிய குழாய்

"குழாய் தப்பான பக்கம் போயிருக்கு. எடுன்னா, எடுக்கவும் மாட்டேங்குது அந்தப் பொண்ணு."

தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் நோயாளியின் அண்ணன் கொதித்துக்கொண்டிருந்தார். தொழில் பைப் ஃபிட்டர். குழாய் விஷயத்தில் அவர் யாரையும் லேசில் நம்பமாட்டார்.

உள்ளே தங்கைக்கு விஷக்காய்ச்சல். ரத்த அழுத்தம் சரிந்துகொண்டே போனது. அதை ஏற்றும் மருந்துக்காகச் சின்ன டாக்டரான அந்தப் பெண், தங்கையின் கழுத்தில் இடது பக்கம் குழாய் போட்டிருந்தார். எக்ஸ்ரே எடுத்தவர், "வலது பக்கம் திரும்பணும், இது இடது பக்கமே நேரா இறங்கியிருக்கே" என்று முணுமுணுத்தது அண்ணன் காதில் விழுந்து தொலைத்தது.

"மாப்பிள்ளை, நீங்க வாயே திறக்க மாட்டீங்களா?"

தங்கையின் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

சின்ன டாக்டர் வெளியே வந்தார்.

"அவங்களுக்கு ரத்தம் உறையறதே இல்லைங்க. இதை எடுத்துட்டு வேற இடத்துல குத்தினா, ரத்தம் நிக்காது. குழாய் எங்க இருக்குன்னு ஸ்கேன்ல பார்த்துட்டிருக்கேன். கொஞ்சம் பொறுங்க."

"நீ செஞ்ச தப்பை மறைக்க, நாங்க பொறுக்கணுமா? பெரிய டாக்டரைக் கூப்பிடும்மா."

"வந்துட்டிருக்கார்."

பெரிய டாக்டர் வந்ததும் அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சார், அந்தப் பொண்ணை நாலு கேள்வி கேளுங்க சார்."

பெரிய டாக்டர் உள்ளே போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது. பின்னாலேயே சின்ன டாக்டரும் வந்தார். பெரிய டாக்டர்தான் பேசினார்.

"உங்க தங்கச்சிக்குப் பிறவியிலேயே இடது பக்கம் கூடுதலா ஒரு பெரிய ரத்த நாளம் இருக்குங்க. ஆயிரத்துல மூணு நாலு பேருக்கு அப்படி இருக்கும். அதுவும் இதயத்துக்குத்தான் போகுது. குழாய் அதுக்குள்ள சரியாத்தான் இருக்கு. மருந்து ஏறுது, பிரஷரும் தேறி வருது. பயம் வேண்டாம்."

கணவர் அப்போதுதான் அழுதார்.

அண்ணனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"நல்லவேளை நீங்க வந்தீங்க சார். இந்தப் பொண்ணை நம்பியிருந்தா என் தங்கச்சி என்ன ஆகியிருப்பாளோ."

"போன்ல அந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துட்டு, உடனே குழாயை எடுன்னு சொன்னதே நான்தாங்க," என்றார் பெரிய டாக்டர். "முடியாது, நேர்ல வந்து பாருங்கன்னு அடம்பிடிச்சது இந்தப் பொண்ணு."