உதிரும் துலிப்

"மறுபடியும் அதே பூவா, வெஹ்பி எஃபெந்தி? உங்க வீட்டுப் பூச்சிக்குத் துலிப்பைத் தவிர வேறெதுவும் இறங்காதோ?"

விரிப்புகளைப் பழுது பார்க்கும் நெஸிஹா கேட்டதும் வெஹ்பி முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார். துருக்கியின் கொன்யா நகரக் கடைத்தெருவில் செம்புப் பாத்திரம் விற்றே தலை நரைத்தவர். ஓட்டை அண்டாவைக்கூட முகம் மாறாமல் விற்றுவிடுவார்.

"இருநூறு வருஷத்து விரிப்பு, நெஸிஹா ஹானும். உதிராம என்ன செய்யும்?"

நெஸிஹா அந்தத் தொழுகை விரிப்பை ஜன்னலோரம் விரித்தாள். வெயில் பட்டதும் நடுவில் நெய்திருந்த சிவப்பு மாடம், யாரோ கதவைத் திறந்து வைத்ததுபோல் ஒளிர்ந்தது. அதன் கீழே நீண்ட தண்டுகளில் நான்கு துலிப்புகள். ஐந்தாவதன் இடத்தில் வெறும் பாவு நூல்.

வெஹ்பி பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மாடத்துக்குள் குனிந்து நுழைந்தால் ஒரு தோட்டம் இருக்கும். மஞ்சள் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு நெஸிஹா அங்கே உட்கார்ந்திருப்பாள். ஊற்றி வைத்த தேநீர் ஆறவே ஆறாது. மனைவி இறந்த எட்டு வருடத்தில் அவருக்கு இப்படியெல்லாம் தோன்றியது இந்த ஜன்னலோரத்தில்தான்.

பூ முழுதாகிவிட்டால் இங்கே வர என்ன சாக்கு? அதனால்தான் ஆறு மாதமாக, அவள் கட்டிக் கொடுக்கும் பூவை வீட்டுக்குப் போனதும் நகத்தால் பிய்த்துவிடுகிறார்.

நெஸிஹா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

"பூச்சி அரிச்சா இழை துணுக்கு துணுக்காக் கிடக்கும். இது கைவேலை."

வெஹ்பி நகங்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"இனிமே இந்த விரிப்பைத் தூக்கிட்டு வராதீங்க."

"ஹானும்... இன்னும் ஒரே ஒரு தடவை!"

"இதுலயும் பேரமா?"

"பேரம் இல்லை. நான்தான் பிய்ச்சேன்." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார். "கேட்க வேண்டியதை வாயைத் திறந்து கேட்கத் தைரியமில்லை. இது இல்லேன்னா எந்த முகத்தோட உங்க வாசப்படி ஏறுவேன்?"

அவள் சிரிக்கவில்லை. விரிப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"மிச்ச நாலு பூவுல ஏதாவது ஒண்ணைப் பிய்ங்க, பார்க்கலாம்."

"ஐயோ, எதுக்கு?"

"பிய்ங்கன்னா பிய்ங்க."

நகத்தைக் கொடுத்து இழுத்தார். ஓர் இழைகூட அசையவில்லை. நகம்தான் மடங்கியது.

"நம்ம ஊர் முடிச்சு ரெண்டு பாவு நூலையும் சேர்த்துப் பிடிச்சுக் கட்டுறது. இடுக்கி போட்டு இழுத்தாலும் லேசில் வராது." நெஸிஹாவின் முகம் மாடத்தைவிடச் சிவந்திருந்தது. "இந்த விரலுக்கா அவ்வளவு பலம்னு நினைச்சீங்க? ஆறு மாசமா அந்த ஒரு பூவை மட்டும் உருவாஞ்சுருக்குப் போட்டுல்ல கட்டிக் கொடுத்தேன், நீங்க வீடு போய்ச் சேர்றதுக்குள்ள தானா உதிரட்டும்னு!"