சாயம் பார்க்க ஒரு துளி

சுப்ராயன் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமலேயே சிரித்தார்.

முப்பது வருஷமாகக் காரைக்கால்காரர்களின் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன மனிதர். சோகை, டெங்கு, மறுபடியும் சோகை. இன்றைக்குத்தான், புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த அணுக்கள் கண்ணாடித் தகட்டில் வந்து நின்றன. ஒவ்வொரு அணுவின் வயிற்றுக்குள்ளும் ஈர்க்குச்சிக் கட்டு போலச் சிவந்த ஊசிகள்.

அபூர்வமான ரத்தப் புற்றுநோய்.

அவருக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. அடுத்தவன் ரத்தத்தில் அடித்த லாட்டரி என்பது கொஞ்சம் உறைத்தது. ஆனாலும் சந்தோஷம் போவேனா என்றது.

வெளியே பெஞ்சில் திருவேட்டக்குடி காத்தமுத்து காய்ச்சலோடு சுருண்டு கிடந்தார். அவர் மனைவி பப்பாளி இலைச் சாற்றை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். டெங்குவாக இருக்கும் என்று சீட்டில் எழுதி அனுப்பியவர் உத்திராபதி டாக்டர். சுப்ராயனோடு படித்தவர். எல்லாப் பரீட்சையிலும் இரண்டு மார்க் கூடுதலாக வாங்கித் தொலைத்தவர்.

இன்றைக்கே பாண்டிச்சேரிக்குப் போய் மாத்திரையை ஆரம்பித்தால் ஆள் பிழைத்துவிடலாம். அந்த விஷயத்தில் யோக்கியமான நோய். நாளைக்கு என்று தள்ளினால் மூளைக்குள் ரத்தம் கசிந்து கதை முடிந்துவிடும்.

சுப்ராயன் உத்திராபதிக்குப் போன் போட்டார். மணி அடிக்கும்போதே, எந்த வார்த்தையில் அவன் மானத்தை வாங்கலாம் என்று யோசித்தார். அப்படியே லேப் டெக்னீஷியன் வினோதினியிடம், காத்தமுத்துவுக்கு என்ன வயது என்று கேட்டார்.

வினோதினி மைக்ராஸ்கோப்பில் இருந்த தகட்டை எட்டிப் பார்த்தாள்.

"அது காத்தமுத்து ஸ்லைடு இல்லைங்க சார், அவருது இன்னும் காயல. புது சாய பாட்டில் எப்படி இருக்குன்னு பாக்க, காலையில என் வெரல்ல குத்தி எடுத்ததுங்க. சாயம் நல்லா புடிச்சிருக்குதுங்களா?"

எல்லா லேபிலும் நடப்பதுதான். அணுக்கள் தெரிவதற்காகத் தகட்டில் பூசும் சாயத்தைச் சோதிக்க, நோயில்லாத ரத்தம் ஒரு சொட்டு வேண்டுமென்றால் தங்கள் விரலைத்தான் குத்திக்கொள்வார்கள்.

சுப்ராயன் நிமிர்ந்து வினோதினியைப் பார்த்தார். ஆறு வருஷமாக அவர் தொலைக்கிற மூக்குக் கண்ணாடியைத் தினமும் தேடிக் கொடுக்கிற பெண்.

போனில் உத்திராபதி இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டார்.

"நல்லா புடிச்சிருக்கும்மா. கோட்டைக் கழட்டிட்டு வந்து ஒக்காரு."

பிறகு, பாண்டிச்சேரி போக வேண்டும், உன் காரை இந்த நிமிஷமே அனுப்பு என்று முதல் தடவையாக உத்திராபதியிடம் கெஞ்சினார்.