ஒத்தைக் குரல்

பெர்மெத்துக்குப் பொறுமை போய்விட்டது. கம்ப்யூட்டரில் படம் ஓட்ட அவள் ஏற்றிக் காட்டிய மூன்றாவது பிளேயரையும் சாய்ரா அக்கா வேண்டாம் என்றுவிட்டாள்.

பிஷ்கெக் நகரத்தில் அந்தக் குடியிருப்பில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் பெர்மெத் ஒருத்திதான். பக்கத்து வீட்டு சாய்ரா அக்காவின் பட டிஸ்க்குகள் கீறல் விழுந்து திணறின. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துக் கொடுத்தாள். அதோடு போயிருக்கலாம்!

"இதுல என்னக்கா குறை?" ரயில் நிலையக் காட்சியை மறுபடி ஓடவிட்டாள். "நடிகரோட சொந்தக் குரல். கீழ ருஷ்ய எழுத்து. பாருங்க, 'சீக்கிரம் வா, ரயில் போயிடும்'னு போடுது."

"எழுத்து யாருக்கு வேணும்? அந்த ஒத்தைக் குரல் எங்கடி?"

"ஐயய்யோ, அந்த மூக்கடைச்ச ஆளா? கதாநாயகன், கதாநாயகி, கிழவி, எல்லாருக்கும் அவன் ஒருத்தனே ருஷ்யன்ல ஒப்பிப்பானே! கன்னாபின்னான்னு அர்த்தம் சொல்லுவான்க்கா."

சமையலறையில் கெட்டில் 'ணங்'கென்றது. அக்காவின் புருஷன் ஜூமாபெக். பெர்மெத் இரண்டு வருடமாக வந்து போகிறாள், அந்த மனுஷன் 'ம்'முக்கு மேல் பேசிக் கேட்டதில்லை.

"எனக்கு அவன்தான் வேணும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போடவும் தெரியணும்."

ரசனை கெட்ட ஜென்மம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, ஓர் அரதப்பழசான பிளேயரை ஏற்றினாள் பெர்மெத். பார்க்கச் சகிக்காது. ஆனால் குரலை மாற்றலாம், ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடலாம்.

அதே ரயில் நிலையம். மூக்கடைத்த குரல் பேசியது:

"நீ இல்லாம எனக்கு வாழ்க்கையே இல்ல, சாய்ரா."

மறுபடி ஓடியது. மறுபடியும். அக்காவின் முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா இது? ரயில் போயிடும்னுதானே சொன்னான்? கதாநாயகி பேரு சாய்ராவும் இல்லையே!"

"டீ ஆறுது."

பெர்மெத் திடுக்கிட்டுத் திரும்பினாள். அதே குரல்! அதே மூக்கு!

அரைக் கிண்ணம் டீயை நீட்டிக்கொண்டு ஜூமாபெக் நின்றார். திரையைப் பார்த்தார். காது சிவக்க, கிண்ணத்தை அவள் கையில் திணித்துவிட்டுச் சமையலறைக்குள் ஓடியே போனார்.

பெர்மெத் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஸ்டூடியோல படத்துக்குப் பேசிக்கிட்டிருந்தாரு," என்றாள் அக்கா மெதுவாக. "கட்டிக்கிட்டுப் பதினெட்டு வருஷம். என் மூஞ்சியைப் பாத்து இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. ஊரே கேக்குற மாதிரி சொல்லியிருக்காரு பாரு... இன்னொரு தடவை போடுடி!"