பேர் சொல்லும் பட்டன்கள்

சித்திரபுரத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், ஒரே சுவரை ஒட்டிய வரிசை வீடுகளில், இருமினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பார்வையில்லாத லிஜி இளவெயில் விழும் வாசற்படியில் உட்கார்ந்து, காதில் இயர்போனோடு ஆஸ்பத்திரியின் இணையதளத்தைத் தடவுகிறாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது, புருஷன் ஜிஜோவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. விரல் படுவதை வாசித்துச் சொல்லும் போன், போன மாதம்வரை இந்தத் தளத்தில் எதைத் தொட்டாலும் "பட்டன், பட்டன்" என்று மட்டுமே சொன்னது; இன்று ஒவ்வொன்றின் பேரையும் சொல்கிறது: பெண் மருத்துவர், வியாழன் காலை, உறுதிசெய்க. "ஏட்டி, என்னத்த நோண்டுத? நான் வாசிச்சுச் சொல்லட்டா?" என்கிறாள் பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி. "வேண்டாம்க்கா, நீ வாசிச்சா லயமே வாசிச்ச மாதிரி." புஷ்பமேரி சிரித்துக்கொண்டே உள்ளே போகிறாள். லிஜி 'உறுதிசெய்க'வை விரலால் தட்டுகிறாள். உங்கள் பதிவு உறுதியானது என்று அவள் காதுக்குள் மட்டும் குரல் சொல்கிறது. போனை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடிக்கிறாள். "யாரு பெத்த புள்ள இதுக்கெல்லாம் பேர் எழுதி வச்சுதோ, நல்லா இருக்கட்டும்."